மேசைமேல் ஒரு பல்லி

சற்றே நீண்ட பதிவு. வானொலியில் தொடங்கி ஆய்வில் முடியும். பொறுமையுள்ள நண்பர்கள், குறிப்பாகக் களப்பணியில் இருக்கும் ஆய்வு மாணவர்கள், இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

கோலார் தங்கவயலில் எங்கள் லைன் வீட்டின் முன்னறையில் அம்மாவின் பழைய தையல் எந்திர மேசை கிடக்கிறது. எந்திரம் போய்விட்டது, மேசை மட்டும் மிச்சம். அதன்மேல்தான் என் அமெச்சூர் வானொலி நிலையம் இருக்கிறது. நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நானே பற்றவைத்த பத்து வாட் டிரான்ஸீவர் ஒன்று, 12 வோல்ட் பேட்டரி ஒன்று, மோர்ஸ் சாவி ஒன்று, அலுமினியப் பெட்டிக்குள் அடைத்த தானியங்கி ஆன்டெனா டியூனர் ஒன்று. இவ்வளவுதான்.

அந்த டியூனரை முதன்முதலாக இயக்கிய இரவில் அப்பா கட்டிலில் படுத்திருந்தார். பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் இருந்த ரிலேக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கின. இரண்டு மூன்று நொடிகள் சடசடவென்ற ஓசை, பிறகு அமைதி. துளைக்கருவியோடு வாழ்ந்த அப்பாவுக்கு வலது காது மந்தம். இடது காதில் அது விழுந்துவிட்டது.

“இன்னாடா அது, பல்லி மாதிரி சொல்லிகினே கீது?”

“பல்லி இல்லப்பா, ரிலே.”

“எதுவோ ஒண்ணு. நல்லதா சொன்னா சரி.”

நம் வீடுகளில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி ஒலித்தால், சொன்னது மெய் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டதாகக் கொள்வோம். என் மேசைமேல் இருந்த பல்லியும் அப்படித்தான் சாட்சி சொன்னது. சிறு திரையில் நிலையலை விகிதம் 1.1 என்று எழுதிக் காட்டியது. அந்தச் சாட்சியை நான் எவ்வளவு காலம் நம்பினேன், அது எனக்கு என்ன கற்றுத்தந்தது என்பதே இப்பதிவு.

இந்தக் கருவி எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அதில் பாதியளவு, அதாவது இருபது மீட்டருக்குச் சற்று மேல், நீளமுள்ள கம்பியை நேராகக் கட்டி, நடுவில் கேபிளை இணைத்தால் டியூனரே வேண்டியதில்லை. பாடநூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடும். ஆனால் பாடநூல் எழுதியவர்கள் லைன் வீட்டில் வாழ்ந்தவர்கள் அல்லர். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட இந்த வீடுகள் ஒரே சுவரைப் பங்கிட்டு வரிசையாக நிற்பவை. எனக்கு உரிமையான வானம் என்பது எங்கள் கூரையின் அகலம் மட்டுமே. பக்கத்து வீட்டு அத்தையிடம், “டிவி கெடாது, கரண்டு பாயாது” என்று இரு உறுதிமொழிகள் கொடுத்து, சந்தைக் கடந்து எதிரிலிருக்கும் வேப்பமரம்வரை கம்பி இழுக்க இசைவு பெற்றேன். பன்னிரண்டரை மீட்டர் கிடைத்தது. அதற்குமேல் மின்வாரியக் கம்பி.

இந்த நீளம் எந்த அலைவரிசைக்கும் சரியாகப் பொருந்தாதது. டிரான்ஸ்மிட்டர் தன் எதிரே 50 ஓம் மின்மறிப்பை எதிர்பார்க்கிறது. கம்பியோ தன் நீளத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ற மறிப்பைக் காட்டுகிறது. இரண்டும் ஒவ்வாத இடத்தில் ஆற்றலின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டிவிட்டு மறுநுனியைச் சொடுக்கினால் அலை தூணில் மோதிக் கைக்கே திரும்புமல்லவா, அதுபோல. போகும் அலையும் திரும்பும் அலையும் கலந்து நிற்பதை அளப்பதே நிலையலை விகிதம். அது 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 2 என்றால் ஒன்பதில் ஒரு பங்கு திரும்புகிறது. 3 என்றால் நான்கில் ஒரு பங்கு. திரும்புவது மிகுந்தால் டிரான்ஸ்மிட்டரின் இறுதி நிலை டிரான்சிஸ்டர்கள் சூடேறி உயிர்விடும்.

இடையில் ஒரு சமாதானக்காரர் வேண்டும். அவர்தான் டியூனர். ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து, கம்பி காட்டும் மறிப்பை டிரான்ஸ்மிட்டர் விரும்பும் மறிப்பாக மாற்றிக் காட்டுகின்றன. முன்பெல்லாம் கையால் குமிழ்களைத் திருகி, மீட்டரின் முள் தாழும் இடத்தைத் தேடுவார்கள். தானியங்கி டியூனரில் அந்தக் கையின் வேலையை மைக்ரோ கண்ட்ரோலர் செய்கிறது. நான் கட்டியது என்7டிடிசி என்ற அழைப்புக்குறியுடைய டேவிட் ஃபைனிட்ஸ்கி வடிவமைத்து, யாரும் கட்டிக்கொள்ளலாம் என்று திறந்த மூலமாக வெளியிட்ட ஏடியு-100. அதில் ஏழு சுருள்கள், ஏழு மின்தேக்கிகள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. மின்தேக்கிகள் 10 பிகோஃபாரடில் தொடங்கி 22, 47, 100 என ஏறி 1000 வரை போகும். மளிகைக்கடைத் தராசின் படிக்கற்களை நினைத்துக்கொள்ளுங்கள். சில கற்களை மாற்றி மாற்றி வைத்தே எந்த எடையையும் நிறுத்துவிடுகிறோம் அல்லவா? ஏழு சுருள்களால் 128 சேர்க்கைகள். ஏழு மின்தேக்கிகளால் 128. மின்தேக்கி சுருளுக்கு முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்பதில் இரண்டு. ஆக 32,768 வழிகள். அத்தனையையும் அது முயல்வதில்லை. முதலில் பெரிய படிகளில் தாவிப் பார்த்து, விகிதம் குறையும் திசையைப் பிடித்து, பிறகு சிறிய படிகளில் நுணுகும். அந்தத் தேடலின் ஓசையைத்தான் அப்பா பல்லி என்றார்.

உதிரிகளுக்காக மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் நின்றுகொண்டே பயணம் செய்து, எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக அலைந்தேன். மின்தேக்கிகள் உயர் மின்னழுத்தம் தாங்குபவையாக இருக்க வேண்டும். அதை விளக்குவதற்குள் பாதிக் கடைக்காரர்கள் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்கள். சிவப்பு வளையங்களில் எனாமல் கம்பியைச் சுற்றும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். எனக்குச் சுற்று எண்ணிக்கை நடுவில் தப்பிவிடும்; அவருக்குத் தப்பவில்லை. இடையில் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாமல், எண்ணி முடித்துக் கம்பியை முறுக்கிய பிறகே நிமிர்ந்து பார்த்தார்.

டிரான்ஸீவரும் இந்த வழியில் வந்ததுதான். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியச் சிற்றூர்க் கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு முழு நிலையத்தைக் கட்ட முடியும் என்று காட்டியவர் அவர். விலையுயர்ந்த வளையத்துக்குப் பதிலாகக் குடிநீர்க் குழாயின் வாஷரில் சுருள் சுற்றச் சொன்னவர். ‘கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு’ என்று கேட்ட உறவினர்களுக்கு நான் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை நினைவூட்டுவேன். அப்போது தற்செயலாக வானொலிப் பயணமாக அந்தமானில் இருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும், பிற தொடர்புகள் அறுந்த நாள்களில் செய்திகளைக் கடத்தினர். ஆனால் உண்மையான காரணம் அதுவன்று. இந்த ஊரைவிட்டு எல்லாரும் எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது, இருந்த இடத்திலிருந்தே எங்கோ சென்றடைய எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது.

ஊரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பூமிக்குள் இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்தல் பாதைகளுள் அதுவும் ஒன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் போயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டன. நான் அப்போது தொடக்கப்பள்ளி மாணவன். அப்பா மறுநாள் காலையிலும் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, திண்ணையில் உட்கார்ந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. என் ஆய்வு, மூடலுக்குப் பிந்தைய அந்தத் திண்ணைகளைப் பற்றியது: ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் நினைவும் அவர்கள் குடும்பங்களின் இடப்பெயர்வும்.

டியூனரைப் பொருத்திய முதல் மாதம் நன்றாகவே போயிற்று. காலை நேரத்தில் 40 மீட்டரில் தமிழில் கூடும் நண்பர்கள் என் குரலைக் கேட்டார்கள். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் நல்ல அறிக்கைகள் வந்தன. பிறகு மழை பிடித்தது. மழைக்குப் பின் யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவர்கள் பேசுவது எனக்கு மங்கலாகக் கேட்டது. நான் அழைத்தால் பதில் இல்லை. அயனிமண்டலத்தைக் குறை சொன்னேன். சூரியப் புள்ளிகளைக் குறை சொன்னேன். தெருவில் புதிதாக முளைத்த எல்ஈடி விளக்குகளின் இரைச்சலைக் குறை சொன்னேன். டியூனரை மட்டும் சந்தேகிக்கவே இல்லை. ஏனென்றால் அது முன்னைவிடச் சிறப்பாக வேலை செய்தது! முன்பு மூன்று நொடி தேடியது இப்போது ஒரு நொடியில் முடித்தது. முன்பு 80 மீட்டரில் திணறியது இப்போது அங்கேயும் 1.1 காட்டியது. எந்த அலைவரிசைக்குப் போனாலும் உடனடி இணக்கம். மூன்று வாரங்கள் இந்த இணக்கத்தில் மகிழ்ந்திருந்தேன். அழைப்பேன், பல்லி ஆமோதிக்கும், உலகம் மௌனமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ தோன்றி, டியூனரை முற்றிலும் விலக்கிவிட்டுக் கேபிளை நேரடியாக அளந்தேன். 80 மீட்டரில் 1.7. நாற்பதில் 1.6. இருபதில் 1.5. பன்னிரண்டரை மீட்டர்க் கம்பி மூன்று அலைவரிசைகளிலும் ஏறக்குறைய ஒரே விடையைச் சொல்வது இயற்கைக்கு மாறானது. எல்லாரிடமும் ஒரே மாதிரி நல்லவராக நடந்துகொள்ளும் மனிதரிடம் வரும் சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது. கூரைமேல் ஏறிக் கம்பியையே கழற்றிவிட்டு, கேபிளின் மறுமுனையை வெறுமனே விட்டுவிட்டு இறங்கி வந்து 40 மீட்டரில் அளந்தேன். மறுமுனையில் எதுவுமே இல்லாவிட்டால் போன ஆற்றல் முழுவதும் திரும்ப வேண்டும். பதினைந்து மீட்டர் நல்ல கேபிளில், சிறிய இழப்பைக் கழித்தாலும், விகிதம் 17க்கு அருகில் இருக்க வேண்டும். மீட்டர் காட்டியது 2.

கணக்கு எளியது, ஆனால் அதைப் போட்டு முடித்தபோது கை சில்லிட்டது. 2 என்றால் ஒன்பதில் ஒரு பங்குதான் திரும்புகிறது. முனையில் விழுங்குவதற்கு எதுவும் இல்லை. ஆகவே போகும்போது மூன்றில் ஒரு பங்காகவும், வரும்போது அதிலும் மூன்றில் ஒரு பங்காகவும் வழியிலேயே ஆற்றல் கரைகிறது. நான் அனுப்பிய பத்து வாட்டில் கம்பியின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது அதிகம் போனால் 3.3 வாட். அங்கே பொருத்தமின்மை இருந்தால் அதிலும் குறைவு. மிச்சமெல்லாம் கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. கேபிளை அறுத்துப் பார்த்தேன். கூரை இணைப்பில் நான் சுற்றியிருந்த நாடா வெயிலில் வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கியிருந்தது. பளபளக்க வேண்டிய செப்புப் பின்னல் கரியாகிக் கிடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டியூனர் பொய் சொல்லவில்லை. டிரான்ஸ்மிட்டருக்கு எதிரே 50 ஓம் இருக்கிறது என்று சொன்னது, இருந்தது. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி அவ்வளவுதான். ‘கம்பி கதிர்வீசுகிறதா’ என்று நான் அதைக் கேட்கவேயில்லை. கேட்கும் உறுப்பும் அதனிடம் இல்லை. மேசைமேல் இருக்கும் டியூனர் ஆன்டெனாவைத் திருத்துவதில்லை; டிரான்ஸ்மிட்டரைச் சமாதானப்படுத்துகிறது. கேபிளுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள ஒவ்வாமை அங்கேயே, அப்படியே இருக்கிறது. அதைவிட மோசம், கேபிள் எவ்வளவு கெட்டுப்போகிறதோ அவ்வளவு அழகாக எண் விழுகிறது. ஏனென்றால் குறை சொல்லித் திரும்ப வேண்டிய அலை வழியிலேயே இறந்துவிடுகிறது. திரும்பி வரும் எதிர்ப்பு இல்லாததை நான் இணக்கம் என்று வாசித்திருக்கிறேன்.

அன்று மாலை அறுத்த கேபிளை அப்பாவிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் கறுத்த பின்னலை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இது:

“ராக்பர்ஸ்ட் ஆச்சுன்னா, அந்தப் பக்கம் ஆளு கீறானான்னு காத்துக் குழாயில தட்டுவோம். தட்டறது பெருசில்ல. தட்டிட்டு சும்மா இருந்து கேக்கணும். புதுசா வந்த பசங்க தட்டிகினே இருப்பானுங்க. அவன் தட்டற சத்தமே அவனுக்குத் திரும்பி வரும். ஆளு கீறான், ஆளு கீறான்னு கத்துவான்.”

சற்று நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, “நீயும் அப்டித்தான் கேக்கற. டேப்பு வெச்சிகினு” என்றார்.

அவர் சொன்னது வானொலியைப் பற்றி அல்ல என்பது எனக்குப் புரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் நான் ஒலிப்பதிவுக் கருவியோடு திண்ணை திண்ணையாகப் போய் முதியவர்களிடம் நேர்காணல் செய்துவந்தேன். சில வேளைகளில் அப்பாவும் துணைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் ஏறக்குறைய முடிந்திருந்தது. அதன் மையக் கருத்து இது: சுரங்கம் மூடப்பட்ட பிறகும் இவர்கள் இங்கேயே தங்கியதற்குக் காரணம் மண்ணின்மீதான பற்று. தரவுகள் வியக்கத்தக்க ஒருமையோடு இதை ஆதரித்தன. ஆண், பெண், நிலத்தடிப் பணியாளர், மேற்பரப்புப் பணியாளர் என எல்லாரும் ஏறக்குறைய ஒரே விடை தந்திருந்தார்கள். நெறியாளருக்கு அனுப்பிய குறிப்பில் ‘வலுவான இசைவு’ என்று எழுதியிருந்தேன். எல்லா அலைவரிசைகளிலும் 1.1.

அன்றிரவு ஒலிப்பதிவுகளை மறுபடி கேட்டேன். இம்முறை அவர்கள் குரலையல்ல, என் குரலை. ஒரு பதிவில், “இந்த ஊரை விட்டுப் போகணும்னு உங்களுக்குத் தோணினதே இல்லையா?” என்று கேட்கிறேன். முதியவர் பதில் சொல்லவில்லை. நான்கு நொடி அமைதி. உடனே நான், “பொறந்து வளர்ந்த இடம், விட்டுட்டுப் போறது கஷ்டம் இல்லையா?” என்கிறேன். அவர் “ம்” என்கிறார். “அதாவது, இந்த மண்ணுமேல ஒரு பற்று” என்று முடித்து வைக்கிறேன். “ஆமாம்பா” என்கிறார். எழுத்துப்படியில் நான் குறித்திருந்தது அந்த ‘ஆமாம்’ மட்டும். அடுத்த பதிவிலும் இப்படியே. அதற்கடுத்ததிலும். கேள்வியைச் சற்றுத் திருப்பி, சொல்லைச் சற்று மாற்றி, இன்னும் கொஞ்சம் இறக்கி, எதிர்ப்பு மறையும் புள்ளி கிடைக்கும்வரை தேடியிருக்கிறேன். கிடைத்ததும் சொடுக்கி நிறுத்தியிருக்கிறேன். என் மேசைமேல் இருந்த கருவியைவிட நான் திறமையான டியூனராக இருந்திருக்கிறேன். அவர்கள் சொல்ல வந்தது என்னை வந்தடையும் முன்பே வழியில் எங்கோ சூடாகிக் கரைந்திருக்கிறது.

அந்த இயலை நீக்கிவிட்டேன். இதை இங்கே எழுதுவது எளிது. அப்போது அது எளிதாக இல்லை. உதவித்தொகையின் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. நெறியாளரிடம் சொல்ல ஒரு வாரம் தயங்கினேன். அவர் வெகுநேரம் அமைதியாக இருந்துவிட்டு, “மறுபடி போய் வாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தயக்க நாள்களில் எனக்குத் துணையாக இருந்தது, இதே ஊரின் அடியில் நடந்த ஓர் ஆய்வின் கதை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் பல பத்தாண்டுகள் இந்தச் சுரங்கங்களில் இறங்கி அண்டக் கதிர்களை ஆராய்ந்தார்கள். ஆழம் கூடக்கூட, மேலிருந்து துளைத்து வரும் மியூவான் துகள்களின் எண்ணிக்கை குறையும். 1960களின் தொடக்கத்தில் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் வெவ்வேறு ஆழங்களில் அவற்றை எண்ணிக்கொண்டே இறங்கினார்கள். மிக ஆழமான தளத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கருவி பழுது என்று அவர்கள் தூக்கி எறியவில்லை. ஏதேனும் விழும்வரை கருவியைத் திருகவும் இல்லை. பூஜ்யம் என்றே எழுதினார்கள். அந்தப் பூஜ்யத்தின் பொருள் விரைவில் புலப்பட்டது: இவ்வளவு அமைதியான இடம் என்றால், வேறெங்கும் இரைச்சலில் மூழ்கிப்போகும் நியூட்ரினோவை இங்கே தேடலாம். 1965இல் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்த அந்தக் குழு, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் அதைக் கண்டது. எங்கள் ஊர் உலக இயற்பியல் வரலாற்றில் நுழைந்தது, ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நேர்மையாக எழுதப்பட்ட ஒரு குறிப்பின் வழியாகத்தான்.

மறுபடி திண்ணைகளுக்குப் போனேன். இம்முறை கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். நான்கு நொடி அல்ல; சில வேளைகளில் ஒரு தேநீர் ஆறும்வரை. ‘மண்ணின்மீது பற்று’ என்று முன்பு சொன்ன அதே முதியவர், நீண்ட அமைதிக்குப் பின், தான் ஒரு முறை துணிமணிகளைக் கட்டிக்கொண்டு பங்காருப்பேட்டை நிலையம்வரை போய்த் திரும்பி வந்ததைச் சொன்னார். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அவரே சொன்னார்: வர வேண்டிய பணம் ஒன்று பாக்கி இருந்தது, ஊரில் இல்லாவிட்டால் கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு மூதாட்டி, “பற்றா? போக இடம் இருந்தா போயிருப்போம்” என்றார். இன்னொருவர் உண்மையிலேயே பற்றைப் பற்றிப் பேசினார். ஆனால் அது சயனைடு மேட்டின் மறுபுறம் புதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் மீது. சிலர் எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்கு எதிரே ‘விடை இல்லை’ என்று எழுதினேன். இப்போது மூன்றாம் இயலில் ஒருமை இல்லை. அட்டவணையில் இடைவெளிகள் இருக்கின்றன. வாசிக்கக் கடினமாக இருக்கிறது. அந்த இயலை முன்னைவிட இப்போது நம்புகிறேன்.

வானொலிக்குத் திரும்புகிறேன். கெட்ட கேபிளைத் தூக்கி எறிந்தேன். டியூனரை மேசையிலிருந்து எடுத்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அடைத்து, கூரைமேல் கம்பியின் காலடியிலேயே பொருத்தினேன். பொருத்தமின்மை எங்கே பிறக்கிறதோ அங்கேயே டியூனர் இருந்தால், கீழே வரும் கேபிளில் திரும்பும் அலை மிகக் குறைவு, இழப்பும் குறைவு. கேபிளின் இணைப்புகளை இம்முறை ரப்பர் நாடாவால் மூன்றடுக்காகச் சுற்றினேன். டப்பாவின் அடியில் நீர் வடிய ஒரு துளையும் போட்டேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் இரண்டையும் மறக்க வேண்டாம். இன்னொன்று, ஆண்டுக்கு ஒரு முறை கம்பியைக் கழற்றிவிட்டுக் கேபிளை அளந்து பாருங்கள். எண் மோசமாக இருந்தால் மகிழுங்கள்.

புதிய ஏற்பாட்டில் 40 மீட்டரில் டியூனர் சற்றுத் தேடி 1.3இல் நின்றது. இருபதில் 1.4. எண்பதில் முழுமையாகத் தோற்றது. பன்னிரண்டரை மீட்டர்க் கம்பி அந்த அலைக்கு மிகவும் குட்டையானது. டியூனரில் உள்ள எல்லாச் சுருள்களையும் சேர்த்தாலும் போதாது. கெட்டுப்போன கேபிளோடு 80 மீட்டரில் 1.1 சொன்ன அதே கருவி, இப்போது முடியாது என்று சொல்கிறது. அந்தத் தோல்வியைப் பார்த்தபோதுதான் மற்ற இரு எண்களையும் நம்பத் தொடங்கினேன்.

மறுநாள் காலை 40 மீட்டரில் என் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, சும்மா இருந்தேன். இரைச்சல். பிறகு, இரைச்சலுக்கு அடியிலிருந்து, திருச்சி நண்பரின் குரல்: “எங்கே போயிருந்தீங்க இத்தனை நாளா? நல்லா கேக்குது. ஐந்துக்கு ஏழு.”

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து மேசைமேல் உள்ளங்கையை வைத்தார். காது மந்தமானவர்களுக்கு அது ஒரு பழக்கம். ஒலிபெருக்கியின் அதிர்வு பலகை வழியாக அவர் கைக்கு வரும். சிறிது நேரம் அப்படியே நின்றவர், மேசையின் காலியான மூலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பல்லி எங்கடா?”

“மேல அனுப்பிட்டேன்பா. வேலை அங்கதான் கீது.”

அவர் தலையசைத்தார். கையை எடுக்கவில்லை.